தாத்தாவின் தகரப்பெட்டி

கடந்த மாதம் சித்தப்பாவின் கருமாதிக்காகப் பலாபத்வலைக்குப் போயிருந்தேன். மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் அலுவிஹாரையைக் கடந்து சிறிது தூரம் போனால் வரும் சிறு பட்டினம் அது. கலேவலைப் பக்கம் போகும் பாதை அங்கேதான் பிரிகிறது. அவ்வழியே ஓடுகிற பஸ்களில் உறங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அப்படியோர் ஊர் இருப்பதே தெரியாது. என் தாத்தா அந்தக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதி ஆயுளைக் கழித்தவர்.

காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்த பின்னர், சின்னம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்து என் முன்னே வைத்தார்.

"தம்பி, ஒங்க தாத்தாவோட பொட்டி. இவரு இருந்த வரைக்கும் யாரையும் தொட விடல. நீதான பேப்பர்ல இருக்க, ஒனக்குத்தான் இது வெளங்கும். பாத்து எடுத்துக்கிட்டுப் போ."

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவனுக்கு இப்படியொரு பெட்டி கிடைப்பது பேறுதான். ஆனால், அதைத் திறந்தபோது முதலில் எனக்கு வந்தது அச்சம். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மேல் அடுக்கில் இருந்தவை, மலையகத் தமிழர் வீடு எதிலும் காணக்கூடியவை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் செய்த விண்ணப்பத்தின் பிரதி. பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், பிறப்பு அத்தாட்சிகள். தாத்தாவின் தந்தை இன்ன தோட்டத்தில் வேலை செய்தார் என்பதற்கு யாரோ ஒரு துரை எழுதிக் கொடுத்த கடிதம். ஒவ்வொன்றும் நான்காக மடிக்கப்பட்டு, நூலால் கட்டப்பட்டு, பொலித்தீன் பையில் பத்திரமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களிடம் கேட்டது காகிதத்தைத்தான். தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்பதற்கு எழுத்தில் சான்று காட்ட முடியாதவர் நாடற்றவரானார். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்து, மீதி 150,000 பேரின் தலைவிதியைப் பின்னர் பார்ப்போமென்று ஒதுக்கி வைத்தபோதும், காகிதம் வைத்திருந்தவர்களுக்கே வாய் இருந்தது. ஆகவே, எங்கள் வீடுகளில் அரசு கேட்ட காகிதங்கள் தெய்வப் படங்களுக்கு அடுத்தபடியாகக் காக்கப்பட்டன.

அரசு கேட்காத காகிதங்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

தாத்தா பத்திரிகை படிக்கிறவர் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் இறந்தபோது எனக்கு நான்கு வயது; முகம்கூட நினைவில் இல்லை. ஆனால், அவர் சேர்த்து வைத்த பத்திரிகைக் கட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் தும்புக் கயிற்றால் கட்டிக் கிடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அது எரிந்ததும் நினைவிருக்கிறது. 1983 ஜூலையின் கடைசி வாரம். மாத்தளைப் பட்டினத்தில் கடைகள் எரிகின்றன என்ற செய்தி வந்துவிட்டது. வீடு வீடாகத் தேடுகிறார்கள், தமிழில் அச்சான எதைக் கண்டாலும் விபரீதம்தான் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மையா, வதந்தியா என்று விசாரிக்கும் நேரமல்ல அது. அப்பா பரணிலிருந்து கட்டை இறக்கினார். நான் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தேன். அவர் அடுப்பில் செருகினார். எனக்குப் பதின்மூன்று வயது. பழைய தாள் எத்தனை வேகமாக எரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். சுருண்டு கருகும் முன் ஒரு தாளின் தலைப்பெழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. அது 'தேசபக்தன்' என்று நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன்.

தகரப்பெட்டி மட்டும் தப்பியது. சின்னம்மா அதை அடுத்த வீட்டுச் சிங்களத் தாயிடம் கொடுத்து, அவர்களுடைய நெல் வைக்கும் அறையில் ஒளித்துவிட்டார். அதற்குள் பிரஜாவுரிமைப் பத்திரங்கள் இருந்தன என்பதே காரணம்.

'தேசபக்தன்' எது என்று இளைய வாசகர் சிலர் கேட்கக்கூடும். தஞ்சைச் சீமையில் 1887இல் பிறந்த கோ. நடேசய்யர், 'வர்த்தகமித்திரன்' என்ற இதழை நடத்திக்கொண்டிருந்தவர். எண்ணெய் எந்திரங்களை இயக்குவது பற்றிக்கூட நூல் எழுதிய விசித்திரமான மனிதர். வணிகர் சங்க விடயமாக 1915இல் இலங்கைக்கு வந்தவரின் காதில், தோட்டத் தொழிலாளரின் நிலைமை விழுந்தது. வெளியார் எவரும் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம். அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய்ப் பார்த்துவந்தார். இன்றைய இதழியல் மாணவர்களுக்குப் 'புலனாய்வு' என்று பாடம் நடத்துகிறோம். புடவை மூட்டையைத் தோளில் சுமந்து அதைச் செய்தவர் நூறாண்டுக்கு முன்பே இங்கே இருந்தார். 1920இல் இந்நாட்டிலேயே தங்கிவிட்டார். 1921இல் 'தேசநேசன்', 1924 செப்டெம்பரில் 'தேசபக்தன்'. தொழிலாளியைக் கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை சட்டப்படி ஒழிந்ததும் அதே 1921இல்தான், கடன் ஒழியவில்லை. 1925இல் சட்டநிரூபண சபைக்கும், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் தெரிவானார். 1947 நவம்பரில் காலமானார். பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்தார் என்பதில் எனக்கு ஒருவகை ஆறுதல்.

அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பத்திரிகைப் பணியில் தோளோடு தோள் நின்றவர். பாட்டெழுதித் தோட்டங்களில் தாமே பாடிக் கூட்டம் சேர்த்தவர். இந்தியர்களது இலங்கை வாழ்க்கையைப் பற்றிய அவருடைய பாடல்கள் 1940இல் சிறு நூலாக வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குப் பத்திரிகையைக் காதுவழியே கொண்டுபோக வேண்டும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். அந்த அம்மையாரின் கையெழுத்தில் ஒரு கடிதம், ஒரு பாட்டின் கைப்பிரதி எங்கேனும் இருக்குமா என்று பல ஆண்டுகளாகத் தேடுகிறேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. நடேசய்யருக்கு ஒரு வயது மூத்தவர், 1886இல் பிறந்த டி. ஆர். விஜேவர்தன. 1918இல் 'டெயிலி நியூஸ்' தொடங்கி, 1932இல் 'தினகரன்' வரை ஒரு பத்திரிகைச் சாம்ராஜ்யத்தையே எழுப்பியவர். கொழும்பில் பேரை வாவிக் கரையில் அவர் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. எச். ஏ. ஜே. ஹுலுகல்ல எழுதிய வாழ்க்கை வரலாறு 1960இலேயே வந்துவிட்டது. சிவகங்கைச் சீமையின் ஆவணிப்பட்டியிலிருந்து வந்த பெ.பெ.ரெ. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் 6இல் தொடங்கிய 'வீரகேசரி' இன்றும் வெளிவருவதால், அவர் படம் ஆண்டுவிழாக்களிலாவது அச்சேறுகிறது. நிறுவனம் நிலைத்தால் நிறுவியவரின் படம் சுவரில் தொங்கும். நிறுவனம் மறைந்தால் படமும் மறையும். நடேசய்யரின் பத்திரிகைகள் அவர் காலத்திலேயே நின்றுபோயின. நான் நூல்களிலும் மலர்களிலும் கண்ட அவருடைய படங்கள் ஒன்றிரண்டே. அவையும் படியிலிருந்து படி எடுத்து, கண்ணும் மூக்கும் கரைந்தவை.

பாரதிக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கக்கூடும். அவரும் பத்திரிகையாளர்தானே. நமக்குத் தெரிந்த பாரதியின் அசல் புகைப்படங்கள் ஐந்து. அவற்றையும் கையெழுத்துப் பிரதிகளையும் 'இந்தியா' இதழின் பக்கங்களையும் தேடி, உறவினர், நண்பர் வீட்டுக் கதவுகளைத் தட்டித் தட்டித் திரட்டி, 1957இல் 'சித்திரபாரதி'யாக வெளியிட்டவர் ரா. அ. பத்மநாபன். அவரும் ஒரு பத்திரிகையாளர் என்பதில் எனக்குப் பெருமை. நம்மவர்களில் அந்த வேலையைச் செய்தவர் சாரல் நாடன். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் கொழும்புக்கு வந்து பழைய கோப்புகளைப் புரட்டி, 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலையும், 1998இல் 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்ற நூலையும் எழுதினார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய காரியத்தை ஒரு தோட்ட உத்தியோகத்தர் செய்தார். இவ்விருவரும் 2014இல் மறைந்தனர்.

சாரல் நாடனுக்குக் கோப்புகள் எங்கே கிடைத்தன? பெரும்பகுதி தேசிய சுவடிகள் கூடத்தில். அச்சிட்டவற்றின் பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென்று காலனித்துவ அரசு சட்டம் போட்டிருந்தது. பத்திரிகையாளரைக் கண்காணிக்கவே அந்தச் சட்டம்; அதன் புண்ணியத்தில்தான் 'தேசபக்தன்' இன்று படிக்கக் கிடைக்கிறது. பொலிசாரின் அறிக்கைகளிலும் துரைமார் சங்கத்தின் முறைப்பாடுகளிலும் நடேசய்யர் உயிரோடு நடமாடுகிறார். பகைவர் பத்திரப்படுத்தினார்கள், நாம் அடுப்பில் இட்டோம்.

நாமாக இட்டது மட்டுமா? 1981 ஜூன் முதலாம் திகதி விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் கொளுத்தப்பட்டது. பலாபத்வலைக்குப் போகும் வழியிலுள்ள அலுவிஹாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏடுகளில் எழுதப்பட்டதாக மரபு. அந்த விகாரையின் ஏட்டுத் தொகுதி 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கவந்த ஆங்கிலேயரால் அழிந்தது. சிங்களவரோ தமிழரோ, இந்த வீதியோரத்தில் எழுத்துக்கு ஆயுள் குறைவு.

ஆனால், எல்லாப் பழியையும் தீயின்மேல் போடவும் மனம் ஒப்பவில்லை. நான் முன்னொரு காலத்தில் பணியாற்றிய ஒரு பத்திரிகையில், கணினி வந்ததும் பழைய புளொக்குகள் இருந்த அலுமாரிகளைக் காலி செய்தார்கள். ஈயமும் நாகமும் நிறுத்து விற்கப்பட்டன. அவற்றோடிருந்த புகைப்பட உறைகள், பின்புறம் பென்சிலால் பெயரெழுதி வைத்திருந்தவை, சாக்குகளில் கட்டப்பட்டுக் கீழே போயின. நான் அப்போது உதவியாசிரியன். பக்கத்தை முடிக்கும் அவசரம். மாடிப்படியில் சாக்கு இறங்குவதைப் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். ஒரு உறையையாவது கேட்டு வாங்கியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

பெட்டிக்கு வருகிறேன். பிரஜாவுரிமைக் கட்டை எடுத்து வைத்ததும், அடியில் விரித்திருந்த தாள் தெரிந்தது. துருப் பிடிக்காமலிருக்க விரித்த பழைய செய்தித்தாள். இராமபாணப் பூச்சி அரித்துச் சல்லடையாகி, தலைப்பும் திகதியும் இருந்த பகுதி முழுதாகப் போய்விட்டது. றப்பர் விலையும் ஒரு மருந்து விளம்பரமும் தெரிந்தன. எந்தப் பத்திரிகை என்று எழுத்துருவை வைத்து ஊகிக்கலாம். ஊகத்தை இங்கே எழுதப் போவதில்லை. நல்ல துணிக்கூழில் செய்த தாள் நூற்றாண்டுகள் நிற்கும். செய்தித்தாளோ மரக்கூழ், தன் அமிலத்தாலேயே மஞ்சளாகி முறுகி நொறுங்கும். ஒருநாள் வாழ்வுக்காகப் பிறந்தது அது.

அந்தத் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்தது ஒரு புகைப்படம். கெட்டி அட்டையில் ஒட்டியது. எட்டு ஆண்கள், ஐவர் நிற்கிறார்கள், மூவர் நாற்காலிகளில். நடுவில் அமர்ந்திருப்பவர் கோட்டு அணிந்து, மடித்த பத்திரிகையை முழங்காலில் வைத்திருக்கிறார். பத்திரிகையின் பெயர் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. நிற்பவர்களில் இடக்கோடியில் மெலிந்த ஓர் இளைஞன். அப்பாவின் அதே காதுகள். ஐம்பது வயதைத் தாண்டிய நான், இருபது வயதைக் கடந்திராத என் தாத்தாவை முதன்முறையாகப் பார்த்தேன்.

"நடுவுல இருக்கவரு யாரு தெரியுமா?" என்று சின்னம்மா கேட்டார். "நடேசய்யரு. மாமா எத்தன தடவ சொல்லியிருக்காரு."

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கைபேசியில் இருந்த நடேசய்யரின் படத்தை எடுத்து நெற்றி, காது, தாடை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒத்துவரவில்லை என்று அறுதியிட முடியவில்லை; ஒத்துவருகிறது என்றோ சொல்லவே முடியாது. தோட்டந்தோட்டமாகத் திரிந்தவர் மாத்தளைப் பக்கம் வந்திருக்கமாட்டார் என்று வாதிடவும் நியாயமில்லை. பின்புறம் பெயர்கள் இல்லை. புகைப்படக்கூடத்தின் முத்திரை ஈரத்தில் பரவி நீலக் கறையாகிவிட்டது. இதை அப்படியே பிரசுரித்து, 'வெளிவராத நடேசய்யர் படம்' என்று தலைப்பிட்டால், ஒரு வாரத்தில் உலகெங்கும் பரவிவிடும். பத்தாண்டுகளில் பாடநூலில் ஏறும். பிறகு யார் திருத்துவார்கள்?

"இருக்கலாம் சின்னம்மா. ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல்ல."

அவர் முகம் சுருங்கியது. "ஒங்க தாத்தா பொய்யா சொன்னாரு?"

அதற்கு என்னிடம் பதிலில்லை. இங்கேதான், தொடக்கத்தில் சொன்ன அச்சத்துக்கு வருகிறேன். பெட்டிக்குள் 'தேசபக்தன்' ஒன்று இருந்துவிட்டால் என் பழைய கதை மெய்யாகும். இல்லாவிட்டால்? பதின்மூன்று வயதில் நான் நடேசய்யர் என்ற பெயரையே கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் சாரல் நாடனின் நூலைப் படித்த பிறகே அந்தப் பெயர் எனக்குள் புகுந்தது. அதற்குப் பின்னரே, அடுப்பில் சுருண்ட அந்த எழுத்துகள் 'தேசபக்தன்' ஆகின. நான் பார்த்தது பெரிய கறுப்பு எழுத்துகளை. மற்றதை யார் எழுதியது என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. சின்னம்மாவிடம் சான்று கேட்கிறவன், இத்தனை காலம் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு இறங்கினேன். தொண்ணூறை எட்டும் பெரியவர் ஒருவர், கண்ணாடியை இரண்டுதரம் துடைத்துவிட்டுப் பார்த்தார். நடுவில் இருப்பவரை அவருக்குத் தெரியவில்லை. நிற்பவர்களில் மூன்றாமவர்மேல் விரலை வைத்தார். "இவரு பேப்பர் வாசிக்கிறவரு. நான் சின்னப் பையனா இருக்கப்ப, ராவைக்கு லயத்து வாசல்ல குந்திக்கிட்டு சத்தமா வாசிப்பாரு. எழுத்துத் தெரியாத சனம் சுத்தி ஒக்காந்திருக்கும். புரியலன்னா மறுபடி வாசிப்பாரு." பெயரும் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் உக்குவளைப் பக்கம் இருக்கிறார்களாம், அவர்களைக் கேட்ட பிறகே எழுதுவேன். பத்திரிகை அதிபர்களின் படங்களைத் தேடி அலைந்த எனக்கு, பத்திரிகை வாசித்தவர் ஒருவரின் படம் கையில் கிடைத்திருக்கிறது. இந்த வீதி வழியேதான், 1914இல் தலைமன்னார் ரயில் வருவதற்கு முந்திய தலைமுறைகள், மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளைக் காட்டைக் கடந்து மாத்தளைக்கு நடந்தன. வாந்திபேதியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் படமில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியவருக்கு ஒரு முகம் இருக்கிறது என்பது சிறிய காரியமா?

இப்படிப்பட்ட படங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தயவுசெய்து லமினேற் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. குண்டூசியும் கிளிப்பும் துருவேறித் தாளைத் தின்னும், கழற்றிவிடுங்கள். பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊடுருவும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். மின்னுருவாக்க வசதியில்லாதவர்கள், 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தாரை அணுகலாம்.

பெட்டியைச் சின்னம்மாவிடமே விட்டுவந்தேன். படத்தை நகலெடுக்க மட்டும் கடன் வாங்கினேன். புறப்படுமுன் ஒரு பென்சிலைச் சீவி, அட்டையின் பின்புறத்தில் எழுதினேன்: இடமிருந்து முதலாமவர் என் தாத்தா, காதை வைத்துச் சொல்கிறேன். மூன்றாமவர் பத்திரிகை வாசிப்பவர், ஊர்ப் பெரியவர் சொன்னது. நடுவில் அமர்ந்திருப்பவர் நடேசய்யர் எனத் தாத்தா சொன்னதாகச் சின்னம்மா சொன்னது, எனக்கு உறுதியில்லை. கீழே திகதியிட்டேன். சின்னம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "என் பேரையும் போடு, சொன்னது நான்தானே" என்றார். போட்டேன்.

பிறகு ஒரு துண்டுத் தாளில் இன்னொரு குறிப்பெழுதிப் பெட்டிக்குள் வைத்தேன்: '1983 ஜூலையில் எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது, தாத்தாவின் பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டு ஒன்று. பத்திரிகையின் பெயர் தெரியாது. எடுத்துக் கொடுத்தவன் நான்.'